வலைவழிப் படிவங்களில் தமிழ்ப் பெயர்கள்: தரவுச் சரிபார்ப்பும் எழுத்திலக்கணமும்

ஆய்வுச் சுருக்கம்

அரசுச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை, போட்டித் தேர்வு, வங்கிக் கணக்கு ஆகியவற்றைப் பெறுவதற்கு வலைவழிப் படிவமே இன்று முதல் வாயிலாக உள்ளது. படிவத்தில் உள்ளிடப்படும் தரவைக் கணினி ஏற்கும் முன் சில விதிகளைக் கொண்டு சோதிக்கிறது. இவ்விதிகள் எழுத்து எது, பெயர் எது என்பன பற்றிய சில முடிவுகளைத் தம்முள் கொண்டுள்ளன. அம்முடிவுகள் பெரும்பாலும் ஆங்கில எழுத்துமுறையையும் மேலைநாட்டுப் பெயர் வழக்கையும் தழுவியவை. மதுரை வட்டார ஊர்ப்பெயர்களையும் மக்கட்பெயர்களையும் சான்றாகக் கொண்டு, இவ்விதிகள் தமிழ்ப் பெயர்களை எங்ஙனம் மறுக்கின்றன என்பதையும், தமிழ் எழுத்திலக்கணம் அவற்றைத் திருத்துவதற்கு எந்த அளவு துணைபுரியும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: வலைவழிப் படிவம், தரவுச் சரிபார்ப்பு, ஒருங்குறி, உயிர்மெய், முன்னெழுத்து, மொழிமுதல், வழக்கு.

முன்னுரை

மேலூர், உசிலம்பட்டி, பேரையூர் போன்ற வட்டங்களில் வாழும் மக்கள் வருமானச் சான்று, சாதிச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றுக்கு இ-சேவை மையங்களை நாடுகின்றனர். அங்குள்ள பணியாளர் விண்ணப்பதாரரின் விவரங்களை வலைவழிப் படிவத்தில் உள்ளிடுகிறார். முற்காலத்தில் தாளில் எழுதிய விண்ணப்பத்தை அலுவலர் ஒருவர் படித்தார். பெயரில் ஐயம் எழுந்தால் விண்ணப்பதாரரையே கேட்டுத் தெளிந்தார். இன்று அவ்வலுவலருக்கு முன்னதாகவே நிரல் ஒன்று பெயரைப் படித்து, ஏற்கவோ தள்ளவோ செய்கிறது. அது கேட்டுத் தெளிவதில்லை. தனக்கு விதிக்கப்பட்டதை மட்டும் செய்கிறது. எனவே அவ்விதிகளை எழுதுவோர் தமிழ் எழுத்தையும் பெயர் வழக்கையும் அறிந்திருத்தல் இன்றியமையாததாகிறது.

படிவத் தரவு பயணிக்கும் முறை

வலைவழிப் படிவம் பல புலங்களால் ஆனது. ஒவ்வொரு புலத்துக்கும் நிரலில் ஒரு பெயர் உண்டு. பயனர் தட்டச்சு செய்வது அதன் மதிப்பாகும். ‘சமர்ப்பி’ என்னும் பொத்தானை அழுத்தியவுடன் இப்பெயர்–மதிப்பு இணைகள் உலாவியிலிருந்து வழங்கிக்குச் செல்கின்றன. வழங்கி அவற்றைச் சோதித்துத் தரவுத்தளத்தில் சேமிக்கிறது.

சரிபார்ப்பு இரண்டு இடங்களில் நிகழ்கிறது. முதலாவது உலாவியில் நிகழ்வது. 2014-இல் உலகளாவிய வலைச் சேர்த்தியம் பரிந்துரையாக வெளியிட்ட எச்டிஎம்எல் 5, ஒரு புலம் கட்டாயமானது என்பதையும், அதன் மீப்பெரு நீளத்தையும், உள்ளீட்டின் வடிவத்தையும் படிவத்திலேயே குறிப்பிட வழிசெய்தது. இச்சரிபார்ப்பு பிழையை உடனுக்குடன் சுட்டிப் பயனருக்கு உதவுவது, பாதுகாப்பு அரணாகாது. உலாவியைக் கடந்து நேரடியாக வழங்கிக்குத் தரவு அனுப்ப ஒருவரால் இயலும். ஆதலின் வழங்கியில் நிகழும் இரண்டாம் சரிபார்ப்பே முடிவானது. இவ்விரண்டும் ஒரே அளவுகோலைக் கொள்ளாதபோது, உலாவி ஏற்ற பெயரை வழங்கி மறுக்கும் நிலை தோன்றுகிறது. பின்வரும் பகுதிகள் இதனைச் சான்றுடன் காட்டும்.

எழுத்து எது என்னும் வினா

பெயர்ப் புலத்துக்கு இடப்படும் விதிகளுள் மிகவும் பரவலானது ‘எழுத்துகள் மட்டுமே அனுமதி’ என்பதாகும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் வடிவ விதியால் இது எழுதப்படுகிறது. ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை மட்டும் ஏற்கும் விதி தமிழை முற்றாக விலக்கிவிடும். இதனை உணர்ந்த நிரலாளர் ஒருவர், உலக மொழிகள் அனைத்தின் எழுத்துகளையும் ஏற்கும் விதியை எழுதுவதாகக் கொள்வோம். அப்போதும் ‘மதுரை’ என்னும் சொல் மறுக்கப்படும். இதற்கான காரணம் ஒருங்குறியின் வகைப்பாட்டில் உள்ளது.

ஒருங்குறியில் தமிழுக்கு ஒதுக்கப்பட்ட முதன்மைத் தொகுதி 2944 முதல் 3071 வரையிலான குறியெண்களைக் கொண்டது. இதில் 12 உயிர்களும், 18 அகர உயிர்மெய்களும், கிரந்த எழுத்துகளும் ‘எழுத்து’ என வகைப்படுத்தப்பட்டுள்ளன. ஆனால் கால், கொம்பு, சுழி முதலிய உயிர்க்குறிகளும் புள்ளியும் ‘எழுத்து’ என்னும் வகையில் சேராமல் ‘குறி’ என்னும் தனி வகையில் அடங்குகின்றன. ‘மதுரை’ என்பதன் 5 குறியெண்களுள் ம, த, ர ஆகிய மூன்றும் எழுத்துகள். உகரக்குறியும் ஐகாரக்குறியும் எழுத்துகளல்ல. எனவே ‘எழுத்து மட்டும்’ என்னும் விதி இச்சொல்லைத் தள்ளுகிறது. இவ்விதியின்படி தேறக்கூடியவை ‘பல’, ‘இதர’ போன்று, தனி உயிர்களாலும் அகர உயிர்மெய்களாலும் மட்டும் அமைந்த சொற்களே. புள்ளி பெற்ற ஓர் எழுத்தேனும் இல்லாத தமிழ்ப் பெயர்கள் சிலவே என்பதை நோக்க, இவ்விதி ஏறத்தாழத் தமிழ்ப் பெயர்கள் அனைத்தையும் விலக்கும் எனலாம். எழுத்து, குறி ஆகிய இரு வகைகளையும் ஏற்குமாறு விதியை அமைத்தலே இதற்குத் தீர்வாகும்.

இக்குறை குறியேற்ற முறையின் அடிப்படையோடு தொடர்புடையது. தொல்காப்பியர் மெய்யைப் புள்ளியுடன் கூடிய அடிப்படை வடிவாகக் கொள்கிறார். அகரம் ஏறும்போது புள்ளி நீங்குகிறது. ஒருங்குறி அகர உயிர்மெய்யை அடிப்படையாகக் கொண்டு, புள்ளியைப் பின்னொட்டும் குறியாக வைக்கிறது. உயிர்மெய் ஒவ்வொன்றுக்கும் தனிக் குறியெண் வேண்டும் என்னும் கருத்தின் விளைவாகவே தமிழ் அனைத்து எழுத்துருக் குறியேற்றம் உருவானது. 2010-இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியையும் அக்குறியேற்றத்தையும் தரங்களாக அறிவித்தது. வலைத்தளங்களில் ஒருங்குறியே நிலைபெற்றுவிட்டமையால், அதன் இயல்பை அறிந்து விதிகளை அமைப்பதே இன்றைய தேவையாகும்.

எழுத்தெண்ணும் முறைகள்

அடுத்த விதி நீளம் பற்றியது. தமிழ்ச் சொல்லொன்றின் நீளத்தை மூன்று வகையில் அளக்கலாம். மரபிலக்கணப்படி எழுத்தெண்ணுவது ஒன்று. குறியெண்களை எண்ணுவது மற்றொன்று. சேமிப்பதற்கு வேண்டிய பைட்டுகளை எண்ணுவது மூன்றாவது. ஆங்கிலத்தில் இம்மூன்றும் ஒரே விடை தருகின்றன. தமிழில் அவ்வாறன்று. வலையில் பெருவழக்காக உள்ள யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைக் கொள்ளும். இதனைக் கீழ்வரும் சான்றுகளால் அறியலாம்.

மதுரை: 3 எழுத்துகள், 5 குறியெண்கள், 15 பைட்டுகள்.
மீனாட்சி: 4 எழுத்துகள், 8 குறியெண்கள், 24 பைட்டுகள்.
திருப்பரங்குன்றம்: 10 எழுத்துகள், 17 குறியெண்கள், 51 பைட்டுகள்.

படிவத்தின் ஊர்ப் புலத்துக்கு மீப்பெரு நீளம் 50 என விதிக்கப்பட்டுள்ளதாகக் கொள்வோம். உலாவி குறியெண்ணை அடிப்படையாகக் கொண்டு அளப்பதால், 17 அளவுள்ள ‘திருப்பரங்குன்றம்’ எளிதில் ஏற்கப்படுகிறது. தரவுத்தளங்களுள் சில, புலத்தின் அளவைப் பைட்டில் கணக்கிடுபவை. அத்தகைய தளத்தில் 51 பைட்டுகள் கொண்ட இப்பெயர் ஒரு பைட்டால் எல்லை மீறுகிறது. தளம் அதனை மறுக்கலாம். அல்லது எஞ்சியதை வெட்டிவிடலாம். வெட்டினால் இழக்கப்படுவது இறுதி மகரத்தின் புள்ளியில் ஒரு பகுதியாகும். ‘திருப்பரங்குன்றம’ என்பதோடு பொருளற்ற சிதைவுக்குறி ஒன்று சேமிக்கப்படும். மாறாக, ‘பத்து எழுத்துக்கு மிகாமல்’ என அறிவித்து உலாவியில் 10 என அளவிட்டால், பத்தே எழுத்துடைய இப்பெயர் ‘திருப்பரங்’ என்பதோடு நின்றுவிடும்.

சிறும நீளத்திலும் இத்தகைய முரண் காணப்படுகிறது. தமிழ் முன்னெழுத்துக்கான புலத்தில் குறைந்தது இரண்டு எழுத்துரு வேண்டும் என்னும் விதி இருப்பதாகக் கொண்டால், ‘பா’ என்பது இரு குறியெண்களாதலின் ஏற்கப்படும். ‘ம’ என்பது ஒன்றாதலின் மறுக்கப்படும். பாண்டியன் மகள் விண்ணப்பிக்கலாம், மணியின் மகள் விண்ணப்பிக்க இயலாது என்பதே இதன் விளைவு. இரண்டும் மரபுப்படி ஓரெழுத்துகளே.

பயனருக்கு அறிவிக்கும் அளவு மரபிலக்கணப்படியான எழுத்தெண்ணிக்கையாகவும், சேமிப்பிடம் அதற்குப் போதிய பைட்டுகளைக் கொண்டதாகவும் இருத்தல் வேண்டும். ஒருங்குறி வரையறுத்துள்ள எழுத்துக்கொத்துப் பகுப்பு, உயிர்மெய்யை ஓரலகாகவும் புள்ளி பெற்ற மெய்யை ஓரலகாகவும் கொள்கிறது. இது தமிழ் மரபின் எழுத்தெண்ணிக்கையோடு பெரிதும் ஒத்துப்போவது குறிப்பிடத்தக்கது.

ஒரு வடிவம், பல குறிவரிசை

கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் சொல் கணினிக்கு வெவ்வேறாக இருத்தல் உண்டு. மேலூர்ப் பகுதியிலுள்ள கொட்டாம்பட்டியின் முதலெழுத்தை எடுத்துக்கொள்ளலாம். ஒகரக்குறி ஒரே குறியெண்ணாகவும் வரலாம். எகரக்குறியும் காலும் சேர்ந்த இரு குறியெண்களாகவும் வரலாம். முதல் முறையில் இவ்வூர்ப்பெயர் 13 குறியெண்களையும், இரண்டாம் முறையில் 14 குறியெண்களையும் பெறும். ஓர் ஆவணத்தில் ஒரு வகையாகவும் மற்றோர் ஆவணத்தில் வேறு வகையாகவும் பதிவான பெயரை நிரல் ஒப்பிடும்போது ‘பெயர் பொருந்தவில்லை’ என்னும் விடை கிட்டும். திரையில் இரண்டையும் பார்ப்பவருக்கு வேறுபாடு புலப்படாது. ஒருங்குறியின் இயல்பாக்கம் என்னும் செயல்முறை இவ்விரு வரிசைகளையும் ஒன்றாக்குகிறது. ஒப்பிடுவதற்கும் நீளம் அளப்பதற்கும் முன்னர் இயல்பாக்கம் செய்தல் கட்டாயமாகும்.

இயல்பாக்கத்தால் தீராத சிக்கல்களும் உள. ‘கௌரி’ என்பதைச் சிலர் கெ, ள, ரி என மூன்றெழுத்தாகத் தட்டச்சு செய்கின்றனர். ஔகாரக் குறியின் பிற்பகுதியும் ளகரமும் வடிவொத்தவை. ஆயினும் கணினிக்கு அவை வேறு வேறு. ‘ஸ்ரீவில்லிபுத்தூர்’ என்பதன் முதற்கூட்டெழுத்தும் இருவேறு குறிவரிசைகளில் எழுதப்படுகிறது. இத்தகைய இடங்களில் நிரல் தானே திருத்திவிடுதலும் தகாது, மறுத்தலும் தகாது. ஐயத்தைச் சுட்டிப் பயனரிடமே உறுதி பெறுதல் பொருத்தமாகும்.

உயிர்மெய் அமைப்பு விதி

எழுத்திலக்கணம் சரிபார்ப்புக்கு நேரடியாகப் பயன்படும் இடம் ஒன்று உண்டு. உயிர்மெய்யில் மெய்யொலி முன்னும் உயிரொலி பின்னும் நிற்கும் என்பது தொல்காப்பிய நூன்மரபின் கருத்து. ‘கெ’ என்பதில் கொம்பு இடப்பக்கம் எழுதப்பட்டாலும் ஒலிப்பில் ககர மெய்யே முந்தியது. ஒருங்குறியும் இவ்வொலிப்பு முறையையே பின்பற்றிக் ககரத்தை முன்னும் எகரக்குறியைப் பின்னும் சேமிக்கிறது. ஒருங்குறிக்கு முன்னர் வழக்கிலிருந்த டிஸ்கி, டேப் ஆகிய குறியேற்றங்களோ கண்ணுக்குத் தோன்றும் வரிசையிலேயே கொம்பை முதலில் வைத்தன. பழைய கோப்புகளைப் பிழையாக மாற்றும்போது, மெய்யில்லாமல் குறி முன்னிற்கும் சிதைந்த சொற்கள் தோன்றுகின்றன.

இயல்பாக்கம் செய்யப்பட்ட தமிழ்ச் சொல் மூன்று வகை அலகுகளால் மட்டுமே ஆனது. அவை தனி உயிர், ஆய்தம், தனித்தோ, ஓர் உயிர்க்குறி பெற்றோ, புள்ளி பெற்றோ நிற்கும் மெய்யடிப்படை எழுத்து. குறியொன்று தனித்து நிற்றலும், ஒரே எழுத்து இரு குறிகளைப் பெறுதலும் எவ்வழக்கிலும் இல்லை. ஆதலின் இவ்வமைப்பு விதி தட்டச்சுப் பிழையையும் மாற்றச் சிதைவையும் கண்டறியும். எந்தப் பெயரையும் தவறாக விலக்காது. சரிபார்ப்பு விதிக்கு வேண்டிய இலக்கணம் இத்தகையதே.

மொழிமுதல் விதியின் எல்லை

அவ்வாறாயின் மொழிமுதல், மொழியிறுதி விதிகளையும் பெயர்ப் புலத்துக்கு விதிக்கலாமா என்னும் வினா எழுகிறது. விதித்தால் ரகரம், லகரம், டகரம் ஆகியவற்றை முதலாகக் கொண்ட ரவி, லதா, டேவிட் முதலிய பெயர்கள் விலக்கப்படும். வல்லின மெய்யில் முடியும் ஜோசப், ரபீக் ஆகியனவும் ஏற்கப்படா. தொல்காப்பியத்தின்படி சகர அகரம் மொழிக்கு முதலாகாது. அவ்விதியைக் கைக்கொண்டால் சரவணனும் சண்முகமும் படிவம் நிரப்ப இயலாது.

இவ்விடத்தில் இலக்கண நூல்களின் போக்கே நமக்கு வழிகாட்டுகிறது. தொல்காப்பியம் விலக்கிய சகர அகரத்தை நன்னூல் மொழிமுதலாக ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் வழக்கு மாறியமையால் விதி மாறியது. தொல்காப்பியப் பாயிரமும் வழக்கையும் செய்யுளையும் அடிப்படையாகக் கொண்டே நூல் எழுந்ததாகக் கூறுகிறது. வழக்கிலிருந்து விதி பெறப்பட்டதேயன்றி விதியிலிருந்து வழக்கு பெறப்படவில்லை. ஒருவரது பெயர் அவரது வழக்கு. நிரலின் விதிக்கு அப்பெயர் பொருந்தாதபோது திருத்தப்பட வேண்டியது நிரலேயாகும்.

பெயரின் உறுப்புகள்

எழுத்தளவில் திருத்தம் பெற்ற படிவமும் பெயரமைப்பில் தவறக்கூடும். முதற்பெயர், இடைப்பெயர், குடும்பப்பெயர் என்னும் முப்பகுப்பு மேலை வழக்கைச் சார்ந்தது. தமிழரிடையே இயற்பெயரும் முன்னெழுத்துமே பெருவழக்கு. முன்னெழுத்து பொதுவாகத் தந்தை பெயரைக் குறிக்கும். ஊரையும் தாயையும் குறித்தலும் உண்டு. 1916-இல் மதுரையில் பிறந்த இசைக்கலைஞர் எம்.எஸ். சுப்புலட்சுமியின் முன்னெழுத்துகளுள் முதலாவது மதுரையையும் இரண்டாவது அவர்தம் தாயார் சண்முகவடிவையும் குறிக்கின்றன. இப்பெயரை முப்பகுப்பில் இட்டால் ஊர்ப்பெயர் முதற்பெயராகவும், தாயின் பெயர் இடைப்பெயராகவும், அவர்தம் இயற்பெயர் குடும்பப்பெயராகவும் மாறிவிடும். அழைக்கப்பட வேண்டிய பெயர் கடைசிக்குத் தள்ளப்படுகிறது.

குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கும் விதியால் ஒருவர் தந்தை பெயரை ஓராவணத்திலும், முன்னெழுத்தை மற்றோராவணத்திலும், தம் பெயரையே இருமுறை வேறோராவணத்திலும் எழுத நேரிடுகிறது. வருமான வரித்துறையின் நிரந்தரக் கணக்கு எண்ணுக்காக நெடுங்காலம் வழக்கிலிருந்த படிவம் 49ஏ, பெயர்களைச் சுருக்கமின்றி விரித்தெழுதப் பணித்தது. பள்ளிச் சான்றிதழ்களிலோ முன்னெழுத்தே இடம்பெறுகிறது. இரண்டும் உண்மையாயினும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரலுக்கு இருவேறு மனிதராகின்றன. இதன் விளைவு படிவத்தோடு நிற்பதில்லை. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உடையோருக்கு வருகை விசாவில் நுழைவை மறுக்கும் நடைமுறையைக் கொணர்ந்தது. கடவுச்சீட்டின் மற்றொரு பக்கத்தில் தந்தை அல்லது குடும்பப் பெயர் இருப்பின் ஏற்கப்படும் எனப் பின்னர் விளக்கப்பட்டது. வளைகுடா நாடுகளில் வேலை தேடும் தென்மாவட்டத்தார்க்குப் பெயர்ப் புலம் பிழைப்போடு தொடர்புடையதாகும்.

முன்னெழுத்தின் புள்ளியும் தடைக்குள்ளாகிறது. ‘சிறப்புக் குறிகளுக்கு அனுமதி இல்லை’ என்னும் விதி, தரவுத்தளத்துக்குத் தீங்கு செய்யும் கட்டளைகளைத் தடுக்கும் நோக்கில் இடப்படுவது. அதற்கு உரிய முறை வேறு: உள்ளீட்டைக் கட்டளையோடு கலவாமல் தனி மதிப்பாகத் தரவுத்தளத்துக்கு அனுப்புதலும், திரையில் காட்டும்போது குறிகளைச் செயலிழக்கச் செய்தலும் ஆகும். புள்ளியைத் தடுத்தல் பாதுகாப்பைக் கூட்டாது. ‘பா. மீனாட்சி’ என்பது ‘பா மீனாட்சி’ ஆகி, ‘பா’ என்பதே முதற்பெயராகப் பிரிக்கப்படுவதற்கே அது வழிவகுக்கும். 2021-இல் தமிழ்நாட்டு அரசு முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுதுமாறு ஆணையிட்டுள்ள நிலையில், முன்னெழுத்துக்கெனத் தனிப் புலமும் அதில் புள்ளிக்கு இடமும் தேவையாகின்றன.

ஊர்ப்பெயரும் குறியீட்டெண்ணும்

ஊர்ப்பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது எழுத்துக்கூட்டு வேறுபடுகிறது. சோழவந்தானின் ழகரத்தை ‘எல்’ என்றும் ‘இசட் எச்’ என்றும் எழுதுகின்றனர். 2020-இல் தமிழ்நாட்டு அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்றும் ஆணையை வெளியிட்டுப் பின் திரும்பப் பெற்றது. எழுத்துக்கூட்டையே மதிப்பாகச் சேமிக்கும் தரவுத்தளம் இத்தகைய மாற்றத்தின்போது நிலைகுலையும். நடுவணரசின் உள்ளாட்சி அடைவு ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஒரு குறியீட்டெண் வழங்கியுள்ளது. பயனர் தேர்வுப் பட்டியலில் தமிழ்ப் பெயரைக் காணவும், தளம் குறியீட்டெண்ணைச் சேமிக்கவும் அமைத்தால், பெயர் எவ்வாறு எழுதப்பட்டாலும் ஊர் மாறாது.

முடிவுரை

இவ்வாய்வின்வழிப் பெறப்படும் கருத்துகள் பின்வருமாறு:

1. பெயர்ப் புலத்தின் விதி, ஒருங்குறியின் ‘எழுத்து’ வகையோடு ‘குறி’ வகையையும் புள்ளியையும் இடைவெளியையும் ஏற்றல் வேண்டும்.
2. ஒப்பீட்டுக்கும் அளவீட்டுக்கும் முன்னர் இயல்பாக்கம் செய்யப்படல் வேண்டும். உலாவியும் வழங்கியும் ஒரே அளவுகோலைக் கொள்ளல் வேண்டும்.
3. உயிர்மெய் அமைப்பு விதி பெயர்ச் சரிபார்ப்புக்கு ஏற்றது; மொழிமுதல், மொழியிறுதி விதிகள் ஏற்றவையல்ல.
4. இயற்பெயர், முன்னெழுத்து, முன்னெழுத்தின் விரிவு என்னும் பகுப்பு தமிழ் வழக்குக்குப் பொருந்தும். குடும்பப்பெயர் விருப்பப் புலமாதல் வேண்டும்.
5. பிழை அறிவிப்பு ‘தவறான பெயர்’ எனப் பயனரைக் குறைகூறாமல், நிரல் எதனை ஏற்க இயலவில்லை என்பதைத் தமிழில் சுட்டுதல் வேண்டும்.

சரிபார்ப்பு விதி எழுதுவோர், தாம் அறிந்தோ அறியாமலோ, பெயருக்கு இலக்கணம் எழுதுகின்றனர். எழுத்தின் அமைப்பை இலக்கணத்திலிருந்தும் பெயரின் அமைப்பை வழக்கிலிருந்தும் பெற்று அவ்விதிகளை வகுத்தால், இ-சேவை மையத்துக்கு வரும் மாணவி தன் பெயரை மாற்றாமல் சான்றிதழ் பெற இயலும். இத்துறையில் தமிழாய்வாளரும் நிரலாளரும் இணைந்து செயற்படுதல் காலத்தின் தேவையாகும்.